கார் முனிக்கு இரண்டு கதவுகள்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மலேசியாவின் ஜொகூரில், யோங் பெங் ஊரில், என் காரின் ஏர்கோன் கெட்டுப்போனதால் வந்தது. பட்டறைக்காரர் "ஒரு மணி நேரம்தான்" என்று சொல்லிவிட்டு நாலு மணி நேரம் உட்கார வைத்தார். பக்கத்து நாற்காலியில் ஒருவர் கைப்பேசியில் ஏதோ படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை படமாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த மட்காட்.

"அழகா இல்ல?" என்றார்.

பெயர் திருச்செல்வம். வயது ஐம்பத்தெட்டு. பத்து பாகாட் ஊரில் ஒரு துணி ஆலையில் மெஷின் ஃபிட்டர். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் அறுவை சிகிச்சை ஆனவர். அவர் சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். எழுதலாமா என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எழுத எழுத எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும் தம்பி. என்னப் பத்தி என்னா வேணும்னாலும் எழுதுங்க. கார பத்தித் தப்பா எழுதிறக் கூடாது." நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டேன். நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால் அதற்கு நல்ல இடம் கிடைக்கும்.

2.

தொடக்கம் அ: காஹாங் செம்பனைத் தோட்டத்தின் மேல் காலைப் பனி மெல்ல

(வேண்டாம். பனி மெல்ல விலகும் கதைகள் நானே பத்துப் பன்னிரண்டு எழுதியிருக்கிறேன். ஒன்றிலாவது அது சட்டென்று விலகித் தொலைத்ததில்லை.)

தொடக்கம் ஆ: 1953ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த அந்த நான்கு சிலிண்டர்

(இந்த அரை வாக்கியத்தை அனுப்பினேன். ஆறு நிமிடக் குரல் பதிவு வந்தது. சிலிண்டர் ஆறாம். வருடம் ஐம்பத்திரண்டாம். கப்பலில் வந்தது மட்டும் சரியாம். காரின் கம்பெனிப் பெயரைச் சொன்னால் உங்களுக்குள் ஒளிந்திருக்கும் பழங்கார்ப் பித்தர்களும் குரல் பதிவு அனுப்புவீர்கள். ஆகவே பெயர் கிடையாது. இரண்டு கதவுக் கார். அவ்வளவுதான்.)

தொடக்கம் இ: ஒரு சாமியை உண்டாக்க மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு பழைய சேலையும் போதும் என்பது ஐந்து வருடத்துக்கு முன் திருச்செல்வத்துக்குத் தெரியாது.

(இது பரவாயில்லை. கொஞ்சம் அலட்டல்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.)

3.

அதற்கு முன் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தென் ஜொகூர் பழங்கார் ஆர்வலர் சங்கம். உறுப்பினர்கள் மூன்று பேர். பழங்கார் ஒன்றுகூடக் கிடையாது. தலைவர் தோமஸ், பத்து பாகாட்டில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர், ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். துணைத் தலைவர் ரூபேந்திரன், சிங்கப்பூரில் கார்களுக்குச் சாயம் அடிப்பவர். செயலாளர் நம்ம திருச்செல்வம். மாதம் ஒருமுறை சாப்பாட்டுக் கடையில் கூடி, தே தாரே என்கிற ஆற்றிய பால் தேநீரைக் குடித்தபடி, எந்தக் காரை எடுத்துப் புதுப்பிக்கலாம் என்று பேசுவார்கள்.

கூட்டக் குறிப்பேட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். ஒன்பது வருடக் குறிப்புகள். மூவாரில் ஒரு கார், கூரை இல்லை: பரிசீலிக்கப்பட்டது. சிகாமட்டில் ஒரு கார், கூரை மட்டும் இருக்கிறது: பரிசீலிக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து ஒரே காராக்கும் யோசனை: மேலும் பரிசீலிக்கப்பட்டது.

சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு காரையும் போய்ப் பார்த்து, அடியில் படுத்து, முதுகெல்லாம் செம்மண்ணோடு திரும்பியவர்கள். பிரச்சினை வேறு. ஒரு காரை எடுத்துவிட்டால் மற்ற எல்லாக் காரும் கையை விட்டுப் போய்விடுமே என்கிற பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. என் மேசை இழுப்பறையில் தொடங்கி நிறுத்திய கதைகள் ஏழு கிடக்கின்றன. ஒன்றுக்காவது கூரை இல்லை.

4.

காஹாங் தோட்டத்தில் நின்ற அந்த இரண்டு கதவுக் கார் மற்றவை மாதிரி இல்லை. அதைப் பார்த்த அன்று திருச்செல்வம் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறிய காலத்தில் ஒரு துரை விட்டுவிட்டுப் போன கார். நாற்பது வருடமாக ஒரு மரத்தடியில் நிற்கிறது. ஸ்டியரிங் இருந்தது. கண்ணாடி உடையவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு கைகளும் இருந்தன.

(அந்தக் காலத்துக் காருக்கு மினுக்கும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணுக்குள் சாண் நீளக் கை ஒன்று மடங்கிக் கிடக்கும். வலப்பக்கம் திரும்பும்போது வலது கை வெளியே நீளும், இடப்பக்கம் என்றால் இடது கை. இந்த விளக்கத்துக்கு ஒரு குரல் பதிவும் வரவில்லை. தேறிவிட்டேன்.)

அப்போதுதான் பழைய இரும்பு லோரிக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்தார்கள். எதையெல்லாம் வெட்டி ஏற்ற வேண்டுமோ அதிலெல்லாம் வெள்ளைச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு போனார்கள். காரின் மட்காட்டிலும் ஒன்று விழுந்தது. திருச்செல்வம் சங்கத்தை உடனே கூட்டினார். அன்றைய குறிப்பு: "அவசரமாகப் பரிசீலிக்கப்பட்டது."

மறுநாள் விடிந்ததும் அவர் தனியாகப் போனார். மனைவி கஸ்தூரி பழைய துணி மூட்டையில் போட்டிருந்த சிவப்புச் சேலையிலிருந்து ஒரு முழம் கிழித்து பானட்டில் கட்டினார். மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார். மஞ்சள், குங்குமம், ஒரு சுருட்டு. இரும்புக்காரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தாங்கள் போட்ட பெருக்கல் குறியைத் தாங்களே சாயம் கரைக்கும் தின்னர் வைத்துத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் சேலையை எடுத்துவிடலாம் என்று போனால், பக்கத்தில் யாரோ ஒரு டின் பீர் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் விளக்கு. பிறகு தகரக் கூரை, மணி, பூசாரி ஐயாசாமி, கோயில் நிர்வாகக் குழு. ஒரு நாள் யாரோ கதவை ஓங்கிச் சாத்த, தேய்ந்துபோன கொக்கி விட்டு வலது கை படக்கென்று வெளியே நீண்டது. கூடியிருந்தவர்கள் அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். அன்றிலிருந்து சாமி கார் முனி ஆனார், உத்தரவு கொடுக்கத் தொடங்கினார்.

முறை இதுதான். கேட்பவர் சீட்டில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, இரண்டு கதவையும் தன் கையாலேயே சாத்த வேண்டும். வலது கை வந்தால் சரி. இடது கை வந்தால் கூடாது. இரண்டும் வராவிட்டால் சாமி யோசிக்கிறார், இன்னொரு நாள் வர வேண்டும்.

* திருச்செல்வத்தின் குறிப்பு: "அறைஞ்சு சாத்துனா அந்தப் பக்கத்துக் கை வரும் தம்பி. மெதுவாச் சாத்துனா வராது. அதான் விஷயம். ஃபிட்டருக்குத் தெரியாதா? ஆனா யாருகிட்ட சொல்றது?"

யாரிடமும் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் கஸ்தூரி. திருச்செல்வத்துக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்று அவள் கார் முனியிடம் போய்க் கேட்டாள். வலது கை வந்தது. அவர் பிழைத்தார். அப்போதிருந்து வாரம் தவறாமல் பால் கொண்டுபோகிறாள். இப்போது அவள்தான் நிர்வாகக் குழுச் செயலாளர்.

"நா வச்ச சாமி தம்பி," என்றார் பட்டறையில், குரலைத் தாழ்த்தி. "அது எனக்கே உசுரு குடுத்துச்சுன்னு என் பொண்டாட்டி நம்புறா. பொய்யின்னு எந்த வாயால சொல்றது?"

சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பாலும் இளநீரும் மஞ்சள் தண்ணீரும் வாரா வாரம் பானட்டில் இறங்கி, தரைத் தகட்டைத் தின்றுகொண்டிருந்தன. காப்பாற்ற வைத்த சாமியே காரைக் கரைத்துக்கொண்டிருந்தது.

5.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ரூபேந்திரன் இந்தக் கதைக்குத் தேவைதானா? இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வைத்தாலும் தோமஸ் சொல்வதைத்தான் சொல்வார்போல இருக்கிறது. இரண்டு நாள் யோசித்து, அவரைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். சங்கத்தில் இப்போது இரண்டு பேர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்கத்தாரின் வேன் காஹாங் சாலையில் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டில் தோமஸ், விடியற்காலைப் பூசையை முடித்த கையோடு. பின்னால் திருச்செல்வம், பக்கத்தில் இழுவைக் கயிறு, ஜாக்கி, ஒரு பை எலுமிச்சம்பழம்.

குரல் பதிவு வந்தது. வழக்கமாக ஆறு நிமிடம் வரும். இது மூன்று நொடி.

"தம்பி, வேன யாரு ஓட்டுறா?"

அலாமாக்! ஓட்டியது ரூபேந்திரன்தான். பதறிப்போய் அவரைத் திரும்ப எழுதினேன். அதற்குள் வேன் இரண்டு வளைவுகளைத் தானாகவே தாண்டியிருந்தது, தோமஸ் ஜெபமாலையைக் கையில் எடுத்திருந்தார். சரி, ரூபேந்திரன் மறுபடியும் ஓட்டுகிறார். வாயைத் திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். (அவருக்கு இதில் வருத்தம் இருக்கலாம். சொல்லத்தான் வழியில்லை.)

ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். சிமெண்ட். போன மாத மழையில் கார் அரையடி முன்னால் நகர்ந்துவிட்டது. டயர் இருந்த இடத்தில் மண் இளகிவிட்டது, வேறொன்றுமில்லை. ஆனால் நிர்வாகக் குழு நடுங்கிப்போய்விட்டது. மற்ற ஊர்களில் முனி கோபித்துக்கொண்டால் எங்கே போவார், எப்படிப் போவார்? இவரிடம் வண்டி இருக்கிறதே. ஆகவே நாலு சக்கரத்தையும் சிமெண்டுக்குள் புதைத்துப் பீடம் கட்டுவது என்று முடிவானது. அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிமெண்ட் லோரி வருகிறது.

சங்கம் ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு தீர்மானம் போட்டது: காரை எடுக்க உத்தரவு கேட்பது. (பாருங்கள், தீர்மானத்திலும் எடுப்பது என்று இல்லை. கேட்பதுதான்.) தோட்ட நிர்வாகத்திடம் பேசியாகிவிட்டது. காரை யார் எடுத்தாலும் எங்களுக்குச் சந்தோஷம், ஆனால் உள்ளே இருப்பவரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள்.

6.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. கஸ்தூரி பால் செம்போடு முன்வரிசையில் நின்றாள். தோமஸ் தகரக் கூரைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"நா உள்ள வர்ல லா. எங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா என்னா சொல்றது?" என்றவர் எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ திரு, தயிரு ஊத்துறாங்க திரு! அதுக்கு நேர் கீழதான் எஞ்சின் நம்பர் இருக்கு!"

ரூபேந்திரன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு இவ்வளவாவது கொடுத்தேனே.

பத்தடி தள்ளித் தோட்டச் சாலையில் சிமெண்ட் லோரி வயிற்றைச் சுற்றிக்கொண்டே நின்றது. மலாய்க்கார டிரைவர் தலையை வெளியே நீட்டி, "பாஸ், செப்பாட் லா, சீக்கிரம்! கட்டியாயிடும்!" என்று அரைத் தமிழில் கத்தினார்.

பூசாரி ஐயாசாமி நீறு பூசிய கையைத் துடைத்துக்கொண்டார். "சங்கத்துக்காரங்க கேக்கணும்னு சொல்றீங்க. கேளுங்க. முனி வலது கைய நீட்டிட்டா நீங்க எடுத்துட்டுப் போலாம், நாங்க ஒண்ணும் பேச மாட்டோம். இடது கைன்னா லோரி உள்ள வரும். ரெண்டும் வர்லன்னா…" அவர் லோரியைப் பார்த்தார். "அதுவும் சாமி இஷ்டம்தான். யாரு கேக்குறா?"

எல்லோரும் திருச்செல்வத்தைப் பார்த்தார்கள். அவர் எலுமிச்சம்பழத்தைச் சீட்டில் வைத்தார். இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. வலது கதவின் விளிம்பைப் பிடித்தார். ஓங்கி ஒரு அறை போதும். அவ்வளவுதான் வேலை. ஒன்பது வருடமாகக் கனவில் கண்ட வேலை.

கதவைச் சாத்தவில்லை. விட்டுவிட்டு, "கஸ்தூரி, ஒரு நிமிஷம் வாயேன்," என்று மனைவியைக் காரின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

7.

(இந்தப் பகுதியை நான் நாலு விதமாக எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அவள் மயங்கி விழுந்தாள். இன்னொன்றில் சாமி வந்து ஆடினாள். பட்டறையில் திருச்செல்வம் சொன்னபோது அவர் குரல் இருந்த விதத்தை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.)

"கஸ்தூரி, நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படாத," என்றார். "இந்தச் சாமி… இத நான்தான் வச்சேன். இரும்பு லோரிக்காரன் வெட்டிறக் கூடாதுன்னு. நானே எலுமிச்சம்பழம் வச்சி, துணி கட்டி…"

கஸ்தூரி கையிலிருந்த காலிப் பால் செம்பைக் கவிழ்த்து, மிச்சத்தைப் புல்லில் உதறினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்னா தெரியும்?"

"அது என் சேலைங்க. தலை தீபாவளிக்கு எடுத்தது. ஓரம் பிரிஞ்சு நானே பச்சை நூல்ல அடிச்சேன். வந்த மொத நாளே பாத்துட்டேன். என் தையல் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குக் கும்புட்ட?"

"மொதல்ல கும்புடல. சிரிச்சிட்டுப் போய்ட்டேன். ஒங்கள ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டு போனாங்கல்ல, வெளிய உக்காந்தா மூச்சு முட்டுச்சி. பஸ் புடிச்சி இங்க வந்துட்டேன். யாரும் இல்ல. நான் மட்டும்தான்." செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "இடது கதவ மெதுவாச் சாத்துனேன். பிள்ளையத் தூங்க வச்சிட்டுச் சாத்துவோம்ல, அப்பிடி. வலது கதவ அறைஞ்சேன். ரெண்டு கையாலயும் அறைஞ்சேன்."

"கஸ்தூரி…"

"எல்லாம் தெரிஞ்சிதான் செஞ்சேன். ஆனா அந்தக் கை வெளிய வந்திச்சி பாருங்க, நான் அழுதுட்டேன். வரும்னு தெரியும், இருந்தும் அழுதேன். அப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. நீங்க வச்சீங்களோ யாரு வச்சாங்களோ, நான் கேட்டேன், அது குடுத்திச்சி. அதுக்குத்தான் பாலு."

திருச்செல்வம் காரின் பின் விளக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த விளக்கின் கண்ணாடி அசல், இன்றுவரை கீறல் விழாதது என்பதை அழுதுகொண்டேதான் கவனித்தார். (இதை அவரே சொன்னார். நான் சேர்க்கவில்லை.)

சாலையில் லோரி ஹாரன் அடித்தது.

"அவங்கல்லாம் நிக்கிறாங்க, போங்க," என்றாள் கஸ்தூரி. "எந்தக் கதவ எப்பிடிச் சாத்தணும்னு ஒங்களுக்குத் தெரியும். ஒங்களுக்கு என்னா வேணுமோ அதக் கேளுங்க. நான் தடுக்க மாட்டேன், கோவிச்சுக்கவும் மாட்டேன். ஆனா எதையாச்சும் ஒண்ணக் கேளுங்க. இந்த ஒரு தடவையாச்சும்."

அவர் முன்பக்கம் வந்தார். இரண்டு கதவுகளுக்கும் நடுவில், பானட்டுக்கு எதிரே நின்றார். தனக்கு என்ன வேண்டும் என்று தன்னையே கேட்டுப் பார்த்தார்.

8.

சரியாக இந்த இடத்தில்தான் பட்டறைக்காரர் வந்து, "சார், ஒங்க கார் ரெடி," என்றார். திருச்செல்வமும் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எத்தனையோ முறை வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டேன். கார்புரேட்டரைப் பற்றிக் கேட்டால் ஆறு நிமிடம் பேசுகிறவர் இதற்கு வாயே திறக்கவில்லை. இரண்டு நீல டிக் மட்டும் விழுகிறது.

ஆகவே நானே எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. வலது கதவை அறைகிறார். கை நீள்கிறது. ஐயாசாமி கும்பிட்டு விலகுகிறார். தோமஸ் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடிவந்து காரைக் கட்டிப்பிடிக்கிறார். ரூபேந்திரன் வேனை ஓட்ட, பின்னால் கயிற்றில் கட்டிய கார் பத்து பாகாட்டுக்குப் போகிறது. சங்கத்திடம் கடைசியில் ஒரு கார். அடுத்த வெள்ளிக்கிழமை கஸ்தூரி பால் செம்போடு பஸ்ஸிலிருந்து இறங்கி, தகரக் கூரைக்குக் கீழே நாலு டயர் பள்ளங்களின் முன்னால்

(இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. எழுத முடிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.)

முடிவு ஆ. இடது கதவை அறைகிறார். லோரி உள்ளே வருகிறது. கஸ்தூரி அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சிமெண்ட் சக்கரங்களை மூடி ஒரு சாண் ஏறியதும், ஒருவரும் யோசிக்காத ஒன்றை ரூபேந்திரன் கவனிக்கிறார். அவ்வளவு உயரம் ஏறினால் கதவு இனித் திறக்காது. திறக்காத கதவை யாரும் சாத்த முடியாது. இனி எந்த ஆஸ்பத்திரியிலிருந்து யார் ஓடி வந்தாலும் கார் முனியிடம் ஒன்றும் கேட்க முடியாது. ரூபேந்திரன் இதைச் சொல்லியிருப்பார். நான்தான் அவரைப் பேசவிடவில்லை.

(இந்த முடிவில் எனக்கும் பங்கு இருப்பதால் பிடிக்கவில்லை.)

முடிவு இ.

(இங்கே ஒன்று எழுதியிருந்தேன். அதில் திருச்செல்வம் மிகவும் தெளிவாக, மிகவும் நல்லவராக இருந்தார். அவர் மாதிரியே இல்லை. எடுத்துவிட்டேன்.)

இழுப்பறையில் கிடக்கும் ஏழோடு இதை எட்டாவதாகப் போட எனக்கு மனம் இல்லை. அதனால் உங்களிடம் கொடுக்கிறேன். எலுமிச்சம்பழம் சீட்டில் இருக்கிறது. லோரியின் வயிறு சுற்றிக்கொண்டிருக்கிறது. கஸ்தூரி ஓரமாக நிற்கிறாள், உங்களைத்தான் பார்க்கிறாள். வாருங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். உங்களுக்கு வேண்டியதைக் கேட்டுக் கதவைச் சாத்துங்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து, முடிவை வாசகர்கள் கையில் விட்டுவிட்டேன் என்று திருச்செல்வத்துக்கு அனுப்பினேன். அரை நாள் நீல டிக்தான். சாயங்காலம் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் மணிச் சத்தமா, பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தமா, எத்தனை முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

"படிச்சேன் தம்பி. நல்லா இருக்கு. யாரு சாத்துனாலும் பரவால்ல, கொஞ்சம் மெதுவாச் சாத்தச் சொல்லுங்க. கீலு ரொம்பப் பழசு."